தர்மபுரியிலிருந்து வொண்டர்லா: எந்த நாள் போனால் கூட்டம் குறைவு, டிக்கெட்டில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

காரிமங்கலம்காரன்

வணக்கம்ங்க. குடும்பத்தோட பெங்களூரு பக்கம் பிடதியில இருக்கற வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்ட்டு அன்னிக்கு ராத்திரியே திரும்பணும். மொத்தம் ஒன்பது பேரு. பெரியவங்க அஞ்சு பேர், அப்பா (66 வயசு), பசங்க மூணு பேர். பசங்க உயரம் 138, 112, 82 செ.மீ. கிளம்புற இடம் தர்மபுரி.

ஞாயிற்றுக்கிழமைன்னா யாரும் லீவு போட வேண்டியதில்ல. ஆனா கூட்டம் பயங்கரமா இருக்கும்ங்கறாங்க. பொங்கல் லீவு, காலாண்டு லீவு, மே கடைசி, இதுல எது தேவலை? ஆன்லைன்ல முன்னாடியே டிக்கெட் எடுத்தா உண்மையிலேயே மிச்சம் ஆகுமா? ஃபாஸ்ட் டிராக்னு ஒண்ணு (ரைடு வரிசையில அதிகம் நிக்காம போற டிக்கெட்) இரட்டை விலையில போட்டிருக்காங்க, அது தேவையா? எத்தனை மணிக்குக் கிளம்பணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அதியமான்கோட்டை

முதலில் ஒரு விஷயம். நீங்கள் பார்க்க வேண்டியது நம் ஊர் காலண்டரை இல்லை, கர்நாடகக் காலண்டரை. பூங்காவை நிரப்புவது பெங்களூரு ஜனம். அவர்களுக்கு லீவு என்றால் கூட்டம். நமக்கு லீவு, அவர்களுக்கு வேலைநாள் என்று எங்கே விழுகிறதோ அங்கேதான் நமக்கு லாபம்.

காலாண்டு லீவை மறந்துவிடுங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம்தான் கர்நாடகப் பள்ளிகளுக்கு தசரா விடுமுறை. 2025-இல் நம் காலாண்டு லீவு முழுக்க அவர்கள் தசரா லீவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு வருகிறது. அது அதைவிட மோசம்.

பொங்கலில் ஒரு ஓட்டை இருக்கிறது. சங்கராந்தி அன்று அவர்களுக்கும் விடுமுறை. மறுநாள் மாட்டுப் பொங்கல், அதற்கடுத்த உழவர் திருநாள் இரண்டும் தமிழ்நாட்டுக்கு மட்டும். அதில் ஒன்று திங்கள் முதல் வியாழனுக்குள் விழுந்தால் அருமையான நாள். வெள்ளியில் விழுந்தால் அரைகுறை. சனி, ஞாயிறில் விழுந்தால் வழக்கமான வாரக்கடைசிக் கூட்டம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் விட நல்லது மே கடைசி, ஜூன் தொடக்கம். 2024, 2025 இரண்டு வருஷமும் கர்நாடகத்தில் மே 29 வாக்கில் பள்ளி திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2024-இல் ஜூன் 10, 2025-இல் ஜூன் 2. இந்த இடைவெளி சில வருஷம் மூன்று நான்கு நாள், சில வருஷம் பத்து நாளுக்கு மேல். இரண்டு மாநில அறிவிப்பும் வந்ததும் நடுவில் விழும் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடியுங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அங்கே யாரும் பிள்ளையை லீவு போடச் சொல்லிப் பூங்காவுக்குக் கூட்டிவர மாட்டார்கள்.

நம் காலண்டரில் கறுப்பு எழுத்தில் இருந்தாலும் தவிர்க்க வேண்டியவை: நவம்பர் 1 (ராஜ்யோத்சவம்), கனகதாசர் ஜெயந்தி, வால்மீகி ஜெயந்தி, பசவ ஜெயந்தி. இவை கர்நாடக அரசு விடுமுறைகள். செவ்வாய்க்கிழமைதானே என்று போய் நின்றால் ஞாயிறு கூட்டம் இருக்கும்.

இன்னொன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை வார நாட்களில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வரும். இவர்கள் கும்பலாகத் தண்ணீர் பக்கம் இறங்குவார்கள், மாலையில் கும்பலாகக் கிளம்புவார்கள். டிசம்பர் வார நாள் என்றால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்_ரோஜா

அண்ணன் நாளைப் பத்தி சரியா சொல்லிட்டார். ரோட்டைப் பத்தி நான் சொல்றேன்.

தர்மபுரி–கிருஷ்ணகிரி–ஓசூர்–அத்திப்பள்ளி–எலக்ட்ரானிக் சிட்டி, அங்கிருந்து நைஸ் ரோடு (பெங்களூருக்குள்ள போகாம சுத்திப் போற ரோடு) பிடிச்சு மைசூரு ரோடு. தர்மபுரியில இருந்து சுமாரா 155, 160 கி.மீ. வரும். கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு 110 சொச்சம். தூரம் ஒண்ணும் பெருசில்ல. அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா இந்த மூணும்தான் நேரத்தைத் தின்னும். கம்பெனி பஸ், ஷிப்டு வேன், லாரி எல்லாம் காலை எட்டுல இருந்து பத்து வரை அங்கதான் மொய்க்கும்.

அதனால ஏழேகாலுக்குள்ள அத்திப்பள்ளி தாண்டணும். அதுக்கு தர்மபுரியில அஞ்சரைக்கு வண்டி நகரணும். அஞ்சரைன்னா அஞ்சரை. அஞ்சரைக்கு வாசல்ல நின்னுட்டு "பாத்ரூம் போய்ட்டு வரேன்"னு ஒருத்தர் உள்ள போனா ஆறாகிடும், ஆறுக்குக் கிளம்பினா சந்தாபுராவுல முக்கால் மணி நேரம் போகும். சரியான நேரத்துக்குக் கிளம்பினா எட்டே முக்காலுக்குள்ள கெங்கேரி பக்கம் வந்துடலாம். நிதானமா டிபன் சாப்பிட நேரம் இருக்கு. பிடதின்னாலே தட்டே இட்லிதான், மைசூரு ரோட்டுல கடை நிறைய.

எலக்ட்ரானிக் சிட்டியில மேம்பாலத்துல ஏறிடாதீங்க. ஏறினா நேரா சில்க் போர்டுல கொண்டுபோய் இறக்கும். நைஸ் ரோடு தவறிடும், அப்புறம் ஊருக்குள்ள சுத்தணும். கீழ் ரோட்டுலயே போய் நைஸ் ரோடு பலகை பாத்துத் திரும்புங்க. அதே மாதிரி கெங்கேரி தாண்டினதும் மைசூரு எக்ஸ்பிரஸ் வேயோட நடு ரோட்டுல போகாம சர்வீஸ் ரோட்டுலயே போங்க. நடு ரோட்டுல போனா பூங்காவுக்கு வெளியேற வழி இல்லாம தாண்டிப் போயிடுவீங்க.

டோல் கணக்கு: கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி ரெண்டும் போக வர. 24 மணி நேரத்துக்குள்ள திரும்பினா தேசிய நெடுஞ்சாலை டோல்ல போக வர ரெண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான், ஃபாஸ்டாக்ல தானா கழிஞ்சுக்கும். நைஸ் ரோடு தனியாருது, அதுக்குத் தனிக் கட்டணம், கொஞ்சம் சில்லறையும் கையில இருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 15-ல வந்த ஃபாஸ்டாக் வருஷ பாஸ் (200 டிரிப், வந்தப்போ 3,000 ரூபா) வச்சிருந்தாலும் அது நைஸ் ரோட்டுக்குச் செல்லாது. வாடகை வண்டிக்கும் அந்த பாஸ் கிடையாது, சொந்தக் காருக்கு மட்டும்.

ஒன்பது பேருக்கு 12 சீட் டெம்போ டிராவலர் பேசுவீங்கன்னு நினைக்கறேன். பேசும்போதே கேளுங்க: அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இருக்கா? இல்லைன்னா கர்நாடக வரியை யார் கட்டறது? டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா வாடகையில சேர்த்தியா, தனியா? இதைப் பேசாம விட்டா அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டு பேச வேண்டியிருக்கும். சல்லிசா வருதேன்னு வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும்.

திரும்பறதுல ஒரு சூட்சுமம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூருல இருக்கற பாதித் தமிழ்நாடு ஊருக்குக் கிளம்பும். அன்னிக்கு ஆறு மணிக்குப் பூங்காவை விட்டா தர்மபுரி சேர நடுராத்திரி. ஞாயிறு சாயங்காலம் இதே கூட்டம் எதிர்ப்பக்கம் வரும், உங்களுக்குத் தொல்லை கம்மி. திங்கக்கிழமை காலை போறது வீண், ஊருக்குப் போனவங்க எல்லாம் அன்னிக்குத்தான் விடியக்காலை திரும்புவாங்க. கூட்டிக் கழிச்சுப் பாத்தா ரோட்டுக் கணக்குலயும் செவ்வாய், புதன், வியாழன்தான் வருது.

ராயக்கோட்டை தக்காளி

டிக்கெட் பற்றி.

அங்கே குழந்தை டிக்கெட் வயசைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர். உங்கள் கணக்கில் 82 இலவசம், 112-உம் 138-உம் குழந்தை, அப்பாவுக்கு மூத்த குடிமக்கள் டிக்கெட் (அசல் ஆதார் கையில் இருக்கட்டும்), ஐந்து முழு டிக்கெட். ஆக எட்டு டிக்கெட்.

138-இல் இருப்பவரைக் கிளம்புவதற்கு முதல் நாள் திரும்ப அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு குதிகால் ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் ஒரு அட்டையை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளக்க வேண்டும். உச்சிக் குடுமி, கொண்டை கணக்கில் வராது. வளர்கிற வயசு, மூன்று மாசத்துக்கு முன் அளந்தது செல்லாது. 140-ஐத் தாண்டியிருந்தால் பெரியவர் டிக்கெட்டே எடுங்கள். கவுண்டரில் வித்தியாசப் பணம் கட்ட நிற்கும் நேரத்தில் இரண்டு ரைடு போய்விடும்.

இதில் ஒரு மனத்தாங்கல் வரும், முன்கூட்டியே பையனிடமோ பெண்ணிடமோ சொல்லிவிடுங்கள். ரீகாயில் போன்ற பெரிய ரைடுகளில் பலவற்றுக்கு 140 செ.மீ. வேண்டும். 138-க்கு இரண்டு செ.மீ.யில் வாசலோடு திருப்பிவிடுவார்கள். பாதுகாப்புக் கம்பி தோளில் சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. கெஞ்சினாலும் நடக்காது.

முன்பதிவில் மிச்சம் உண்டு, ஆனால் அது மலையளவு இல்லை. பெரிய வித்தியாசம் நாளில்தான். வார நாள் விலை, வாரக்கடைசி விலை, சீசன் விலை என்று தனித்தனியாக வரும். அவர்கள் தளத்தில் தேதியை மாற்றி மாற்றிப் போட்டால் விலை கண் முன்னே ஏறி இறங்கும். ஆளுக்கு 200 ரூபாய் ஏறினாலே எட்டு டிக்கெட்டுக்கு 1,600. அதன்மேல் முன்பதிவுத் தள்ளுபடி, கல்லூரி அடையாள அட்டைத் தள்ளுபடி, பரீட்சை முடிந்த சீசனில் 10, 12ஆம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்குத் தள்ளுபடி என்று அவ்வப்போது அறிவிப்பார்கள். பொதுவாக இரண்டு சலுகையை ஒன்றாகச் சேர்க்க விடுவதில்லை. எது அதிகமோ அதை ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் போட்டோ காட்டினால் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பாமல் அசல் அட்டையைக் கொண்டு போங்கள்.

கட்டணத்தில் வரி சேர்த்ததா, தனியா என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 10,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 1,800 என்றால் சும்மா இல்லை. இன்னொரு விலையோடு ஒப்பிடும்போது இரண்டும் வரியோடா, இரண்டும் வரி இல்லாமலா என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் "பாதி விலை பாஸ்" என்று வரும் லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

காரிமங்கலம்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஜூன் முதல் வாரம், புதன்கிழமைன்னு முடிவு பண்ணிட்டோம். ஃபாஸ்ட் டிராக் பத்தியும் உள்ள போனதும் எதை முதல்ல பாக்கறதுன்னும் யாராவது சொல்லுங்க. வீட்டுல பெண்கள் சுடிதாரோட தண்ணியில இறங்கலாமான்னு கேக்கறாங்க.

அதியமான்கோட்டை

புதன்கிழமைக்கு ஃபாஸ்ட் டிராக் வேண்டாம். கூடுதல் பணம் எல்லா டிக்கெட்டுக்கும் சேர்த்து இன்னொரு குடும்பம் உள்ளே போகும் அளவுக்கு வரும். டிசம்பர் 25, மே மாத ஞாயிறு போன்ற நாட்களில் வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் அது. அப்போதும் எந்தெந்த ரைடுக்குச் செல்லும், ஒரு ரைடுக்கு எத்தனை தடவை என்று படித்துவிட்டு வாங்க வேண்டும். அப்பாவும் சின்னக் குழந்தைகளும் ஏறாத ரைடுகளுக்கு அவர்கள் பேரில் ஏன் இரட்டை விலை?

வரிசை எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நின்று பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு சுற்றில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஒரு சுற்று கிளம்பி அடுத்தது கிளம்ப எத்தனை நிமிஷம் என்று இரண்டு சுற்று மட்டும் கவனியுங்கள். 20 பேர், 4 நிமிஷம் என்றால் மணிக்கு 300 பேர். உங்களுக்கு முன்னால் 150 தலை என்றால் அரை மணி நேரம். அதே நீள வரிசை 8 பேர் ஏறும் ரைடில் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

உள்ளே போகும் வரிசைமுறை: பூங்கா 11 மணிக்குத் திறக்கும். தண்ணீர் ரைடுகள் 12 மணி வாக்கில்தான் தொடங்கும், மாலையில் பூங்கா மூடுவதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். வார நாளில் பூங்கா 6 மணிக்கு மூடும், வாரக்கடைசியில் ஒரு மணி நேரம் கூடுதல். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைத் தளத்தில் சரிபாருங்கள், சீசனுக்கு ஏற்ப மாற்றுவார்கள்.

10.15-க்கு வண்டியை நிறுத்தி 10.30-க்கு வாசலில் நில்லுங்கள். திறந்ததும் கூட்டம் கண்ணில் படும் முதல் ரைடிலேயே நின்றுவிடும். நீங்கள் நிற்காமல் உள்ளே தள்ளியிருக்கும் பெரிய ரைடுகளுக்கு நேராக நடங்கள். 12 மணிக்குத் தண்ணீர் திறந்ததும் ஜனம் அங்கே ஓடும். 12 முதல் 2 வரை மற்ற ரைடுகளில் வரிசை சுருங்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் நாளின் சாறு. இடையில் சாப்பிட உட்காராதீர்கள். ஒன்றிலிருந்து இரண்டரை வரை உணவகமும் நிரம்பி வழியும். 12-க்கு முன் லேசாக ஏதாவது, பிறகு இரண்டரைக்கு மேல் சாப்பாடு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சுழலும் ரைடில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, சாப்பிட்டபின் தண்ணீர் பக்கம் மெதுவாகத் தொடங்குங்கள்.

உடை மாற்றுவது ஒரே ஒரு தடவை இருக்க வேண்டும். ஒன்பது பேர் உடை மாற்றி லாக்கரில் வைத்து வெளியே வர அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஈர உடையோடு மற்ற ரைடில் ஏற்ற மாட்டார்கள். தண்ணீருக்குப் போய், காய்ந்து, திரும்பத் தண்ணீருக்குப் போனால் இரண்டு மணி நேரம் உடை மாற்றும் அறையிலேயே கழியும். வேவ் பூலில் அலை எப்போதும் அடித்துக்கொண்டிருக்காது, நேரம் வைத்துத்தான் விடுவார்கள். அலை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு நடுவில் சறுக்குகளை முடியுங்கள். தண்ணீர் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வெளியே வந்துவிடுங்கள். மூடியபின் அத்தனை பேரும் அந்த ஒரே அறைக்குத்தான் வருவார்கள்.

கடைசி அரை மணிக்கு ஸ்கை வீல். கோபுரத்தின் உச்சியில் சுற்றும் ராட்டினம், லிஃப்ட்டில் மேலே போக வேண்டும். மாலை வெயிலில் பெரியவர்களும் ரசிக்கலாம், அப்பாவுக்கு ஏற்றது. அவருக்கு லேசி ரிவரும் (மெதுவாக மிதந்து போகும் தண்ணீர் ஓடை) சரிப்படும். பி.பி., இதயப் பிரச்சினை, முதுகுவலி எது இருந்தாலும் வேகமான ரைடு எதிலும் ஏற்றாதீர்கள்.

மே, ஜூனில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும். இடி மின்னல் என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மழைக்குப் பணம் திரும்ப வரும் என எதிர்பார்க்க முடியாது. பெரிய ரைடுகளை முன்பகலில் முடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாங்கனி அக்கா

தம்பி, சுடிதார், புடவை, வேட்டி, பனியன் துணி எதுவும் தண்ணீரில் விட மாட்டாங்க. நைலான், பாலியஸ்டர், லைக்ரா மாதிரி துணிதான். பருத்தி நூல் பிரிஞ்சு ஃபில்டரை அடைக்கும், நனைஞ்சா கனத்து உடம்பை இழுக்கும், தளர்வான துணி சறுக்குல மாட்டும். துப்பட்டா அறவே கூடாது. பெண்களுக்கு முழுக்கை நைலான் டீ-சர்ட், கணுக்கால் வரைக்கும் லெக்கிங்ஸ் போதும், கூச்சமில்லாம இருக்கலாம். வாங்கறப்பவே லேபிள்ல பருத்தி கலப்பு இல்லன்னு பாருங்க, கடையில விக்கிற லெக்கிங்ஸ்ல பாதி பருத்திதான். ஜிப், உலோக பட்டன் இருந்தா சறுக்கைக் கீறும்னு திருப்பி விட்டுடுவாங்க. அங்கேயும் கிடைக்கும், ஆனா எட்டு பேருக்கு அங்க எடுக்கறதுக்கு இங்க தர்மபுரியிலயே எடுத்துட்டா காசு மிச்சம்.

வெறுங்காலோட நடக்கணும், வெயில்ல தரை சுடும். 82 செ.மீ. குட்டிக்கு ரப்பர் செருப்பு அவசியம். அதுக்கு ஒரு செட் கூடுதல் துணி, டவல் ரெண்டு, ஈரத்துணி போட கெட்டியான பை. தாலிக்கொடி, மோதிரம் எல்லாம் வீட்டுலயே வச்சுட்டுப் போறது நல்லது. கண்ணாடி போடறவங்க பின்னால ஒரு கயிறு கட்டிக்கோங்க.

வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, குழந்தை சாப்பாடு மட்டும் பரவாயில்ல. புளியோதரை கட்டிட்டுப் போங்க, ஆனா அது வண்டியிலயே இருக்கட்டும், ராத்திரி திரும்பும்போது ஓசூர் வரைக்கும் தாங்கும். தயிர் சாதம் மட்டும் வேண்டாம், நாள் பூரா வண்டிச் சூட்டுல புளிச்சுப் போயிடும்.

பெண்ணாத்தங்கரை

சென்னையிலும் வொண்டர்லா வந்துவிட்டதே, அங்கே போகலாமே?

ஓசூர்_ரோஜா

2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் திறந்தாங்க, உண்மைதான். ஆனா கிருஷ்ணகிரியில இருந்தே 250 கி.மீ.க்கு மேல. ஒரே நாள்ல போய் வந்தா எட்டு ஒன்பது மணி நேரம் வண்டியிலயே போயிடும். சென்னையில ராத்திரி தங்க சொந்தக்காரங்க வீடு இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு: ரெண்டு பேர், மூணு பேர்னா வண்டியே வேண்டாம். பெங்களூரு பஸ்ல பொம்மசந்திராவுல இறங்குங்க. 2025 ஆகஸ்ட்ல இருந்து மஞ்சள் லைன் மெட்ரோ அங்க இருந்து ஆர்.வி. ரோடு வரைக்கும் ஓடுது. ஆர்.வி. ரோட்டுல பச்சை லைன் மாறி மெஜஸ்டிக், அங்க ஊதா லைன் மாறி கடைசி ஸ்டேஷன் சல்லகட்டா. வெளிய வந்து மைசூரு ரோட்டுல பிடதி பஸ் பிடிச்சா பூங்கா பக்கம் இறங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை மெட்ரோ காலையில லேட்டாத்தான் ஆரம்பிக்கும், அதைப் பாத்துக்கோங்க. திரும்பும்போது சல்லகட்டாவுல ஏழு மணிக்குள்ள ஏறிட்டா பொம்மசந்திராவுல சேலம், தர்மபுரி பஸ் தாராளமா கிடைக்கும். வெள்ளிக்கிழமையா இருந்தா அங்க நின்னு ஏற இடம் கிடைக்காது, ஓசூர் டவுன் பஸ்ல ஓசூர் வந்து அங்க பஸ் ஸ்டாண்டுல மாறிக்கோங்க.